லிங்க்ஸ் மைதானத்தில் எந்தக் குழி வலுவானது, எது பலவீனமானது?

2022 ஜூலையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 150ஆவது ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் முன்னிலையில் இருந்தார். அங்குள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் 17ஆவது குழியில் அவருடைய இரண்டாவது அடி, கொடி நிற்கும் கிரீனை எட்டாமல் இடப்பக்கம் நின்றுவிட்டது. பந்துக்கும் கொடிக்கும் நடுவே ரோடு பங்கர் என்ற ஆழமான மணல் பள்ளம். பந்தைத் தூக்கி அடித்துப் பள்ளத்தைத் தாண்டச் செய்யலாம். ஆனால் அந்த இடத்தில் கிரீனுக்கு அகலம் மிகக் குறைவு; கொஞ்சம் கூடிப்போனால் பின்னாலிருக்கும் சாலையில் போய் விழும். ஸ்மித், பந்தை உருட்டப் பயன்படும் பட்டர் என்ற மட்டையைக் கையிலெடுத்தார். பங்கரின் விளிம்பை ஒட்டி மேட்டில் ஏற்றி, மீதி வேலையைச் சரிவே பார்த்துக்கொள்ளும்படி உருட்டிவிட்டார். கொடிக்குச் சில மீட்டர் தள்ளி நின்ற பந்தை அடுத்த அடியில் உள்ளே போட்டார். மொத்தம் நான்கு அடி, பார். 18ஆவது குழியில் பேர்டி அடித்து, ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார்.

வலுவான குழி எது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். ஸ்மித் ஏற்கெனவே ஒரு தவறு செய்திருந்தார். அதற்குப் பிறகும் அந்த நிலம் அவருக்கு வழிகளை வைத்திருந்தது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலையையும் வைத்திருந்தது.

கோல்ஃபுக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். இந்த ஆட்டத்தில் குழி என்றால் பந்து விழும் துளை மட்டுமல்ல. முதல் அடி அடிக்கும் டீ, நடுவிலுள்ள புல்வெளியான ஃபேர்வே, கொடி நிற்கும் கிரீன் என்று அந்த முழு நீளமும் சேர்ந்ததே ஒரு குழி. அப்படிப் பதினெட்டு சேர்ந்தால் ஒரு மைதானம். நல்ல ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை பார். அதைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, கூடினால் போகி. லிங்க்ஸ் என்பவை பிரிட்டன், அயர்லாந்துக் கடற்கரைகளில், கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடைப்பட்ட மணல்மேட்டு நிலத்தில் அமைந்த பழைய மைதானங்கள். மணல் என்பதால் மழைநீர் நிற்காது, தரை இறுகியிருக்கும். மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லில் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். மறைப்பதற்கு மரமில்லாததால் காற்று தடையின்றி வீசும். இந்த இரண்டையும், அதாவது தரையின் ஓட்டத்தையும் காற்றையும் விட்டுவிட்டு லிங்க்ஸ் குழிகளுக்கு மதிப்பெண் போடவே முடியாது.

ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். பெரிய போட்டி ஒன்று முடிந்ததும் சராசரி ஸ்கோர் பட்டியல் வரும். எந்தக் குழியில் ஆட்டக்காரர்கள் பாரைவிட அதிக அடிகள் எடுத்தார்களோ அது வலுவானதாம். எதில் பேர்டிகள் குவிந்தனவோ அது பலவீனமானதாம். இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. எதிர்க்காற்றில் 450 கெஜக் குழி எதுவானாலும் கடினமாகத்தான் இருக்கும். அதில் அந்தக் குழியின் சாமர்த்தியம் எதுவுமில்லை. மறுநாள் காற்று திரும்பினால் அதே குழி சாதுவாகிவிடும். பார் என்பதும் மனிதர்கள் எழுதிவைத்த எண்தான். ஓல்டு கோர்ஸின் 17ஆவது குழி ஒரு காலத்தில் பார் 5. இப்போது பார் 4. 2007இல் பெண்களுக்கான பிரிட்டிஷ் ஓபன் முதன்முறையாக அங்கே நடந்தபோது அதைப் பார் 5 ஆகவே வைத்தார்கள். பாரை ஒன்று கூட்டியதும் பட்டியலில் அதன் இடம் இறங்கிவிடும். பங்கரோ, சாலையோ, கிரீனின் கோணமோ ஓர் அங்குலம்கூட அசைந்திருக்காது.

ஆகவே நான் பார்ப்பது வேறு. ஓர் அடி எங்கே போய் நிற்கிறது என்பது அடுத்த அடியை மாற்றுகிறதா? துணிந்தவனுக்குப் பலனும், ஒதுங்கிப் போகிறவனுக்கு ஒரு வழியும் இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறதா? இவற்றில் கடைசிக் கேள்விதான் லிங்க்ஸுக்கே உரியது. பல புகழ்பெற்ற குழிகள் தோற்பதும் அதில்தான். ஓல்டு கோர்ஸ் ஊரிலிருந்து ஈடன் ஆற்றின் கழிமுகம்வரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் ஊருக்கே திரும்புகிறது. போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று. கடலின் ஏற்றவற்றம் மாறும்போது காற்றும் மாறும் என்று அங்கே ஆடுபவர்கள் சொல்வார்கள். அப்படி மாறினால் இரு வழியிலும் எதிர்க்காற்றே வாய்க்கும். ஸ்காட்லாந்தின் இன்னொரு லிங்க்ஸ் மைதானமான மியூர்ஃபீல்டில் முதல் ஒன்பது குழிகள் கடிகார முள் திசையிலும் அடுத்த ஒன்பது அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றுவதால், ஒரே சுற்றில் எல்லாக் கோணங்களிலிருந்தும் காற்றைச் சந்திக்க நேரும். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம் என்றால் மியூர்ஃபீல்டில் வேண்டுமானால் சொல்லலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் கூடாது.

இனி ரோடு ஹோல் எனப்படும் அந்த 17ஆவது குழிக்கு வருவோம். 2010 ஓபனுக்காக டீயைப் பின்னால் தள்ளி 495 கெஜமாக்கினார்கள். பழைய ரயில்வே கொட்டகைகள் நின்ற இடத்தில் இன்று அதே வடிவில் ஹோட்டலின் கொட்டகைகள் இருக்கின்றன. முதல் அடி அவற்றின் தலைக்கு மேலே போகவேண்டும். வலப்பக்கம் ஹோட்டல் எல்லை. அதைத் தாண்டினால் தண்டனை அடி. ஆனால் அந்த எல்லையை எவ்வளவு ஒட்டிப் பந்தை வைக்கிறோமோ அவ்வளவு நல்ல கோணம் கிடைக்கும். பயந்து இடப்பக்கம் ஒதுங்கினால் ஃபேர்வே அகலமாக வரவேற்கும். அதற்கான தண்டனை இரண்டாவது அடியில் வரும். அங்கிருந்து பார்த்தால் ரோடு பங்கர் நேர் குறுக்கே நிற்கிறது. கிரீனோ குறுக்கு வாட்டில் சாய்ந்து கிடக்கும் நீண்ட, ஒடுங்கிய மேடு. அதன் மறுபக்கம் சாலையும் கல் சுவரும். சாலையும் ஆட்டக்களத்தின் பகுதியே என்பதால், அங்கே விழுந்த பந்தை விழுந்த இடத்திலிருந்தே அடிக்கவேண்டும். 1984இல் டாம் வாட்சன் அடித்த நீண்ட இரண்டாவது அடி கிரீனைத் தாண்டிச் சுவரருகே போய் நின்றது. ஆறாவது ஓபன் கோப்பை அத்தோடு கைநழுவி செவி பாலெஸ்டெரோஸிடம் போனது.

இந்தக் குழியில் கவனித்துப் பார்க்கவேண்டியது பங்கரின் அளவையல்ல, அதைச் சுற்றியிருக்கும் நிலத்தை. பள்ளத்தின் வாய் சிறியதுதான். ஆனால் கிரீனின் அந்தப் பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதை நோக்கிச் சரிந்திருப்பதால், முற்றத்து மழைநீர் வடிகாலைத் தேடி ஓடுவதுபோல் வேகமிழந்த பந்துகள் தாமாகவே அதைத் தேடிப் போகின்றன. 1978இல் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனில் இருந்தார். அடுத்து அவர் உருட்டிய பந்து கிரீனிலிருந்தே வழிந்து பங்கருக்குள் இறங்கியது. வெளியே எடுக்க நான்கு அடிகள். அந்தக் குழிக்கு மொத்தம் ஒன்பது. 2000இல் டேவிட் டுவாலுக்கும் அதே பள்ளத்திலிருந்து வெளியே வர நான்கு அடிகள் தேவைப்பட்டன. இவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் அல்லர். மறுபக்கம், கிரீனின் வலது முகப்புக்குப் பந்தை உருட்டிவிட்டு, ஐந்து அடியில் முடித்து நிம்மதியாக வெளியேறும் வழி வார இறுதியில் ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கும் எந்நாளும் திறந்தே இருக்கிறது. உலகத்தின் முதன்மை ஆட்டக்காரரைத் தடுமாறச் செய்து, அறுபது வயது உள்ளூர்க்காரரையும் ஆடவிடும் குழியை வேறு எப்படி அழைப்பது? லிங்க்ஸ் மைதானங்களிலேயே வலுவான குழி இதுதான் என்பது என் முடிவு.

இரண்டாமிடத்துக்கு அதே மைதானத்தின் 11ஆவது குழியைச் சொல்வேன். 174 கெஜம், பார் 3. ஒரே அடியில் கிரீனை எட்டவேண்டிய குழி. முன்னால் வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் ஹில் பங்கர், பின்னால் கழிமுகம். கிரீன் பின்னாலிருந்து முன்னோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. பங்கர்களுக்குப் பயந்து நீளமாக அடித்தால், அந்தச் சரிவில் மேலிருந்து கீழாகப் பந்தை உருட்டவேண்டிய நிலை. அப்போது பின்னாலிருந்தே ஸ்ட்ராத்துக்குள் போய் விழலாம். 1921இல் பத்தொன்பது வயது அமெரிக்கர் பாபி ஜோன்ஸ் மூன்றாவது சுற்றில் இந்தக் குழியில்தான் பொறுமையிழந்து பந்தை எடுத்துக்கொண்டு போட்டியைக் கைவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மைதானத்தில் ஓபன் கோப்பையை வென்றார். பின்னாளில் அந்த ஊரே அவரைத் தன் மகனாகக் கொண்டாடியது.

குழிகளைத் தரம் பிரிக்கும் பழக்கம் புதிதல்ல. 1901இல் லண்டனின் ஒரு கோல்ஃப் இதழ் சிறந்த குழிகள் எவை என்று முன்னணி ஆட்டக்காரர்களிடம் கேட்டு ஒரு விவாதத்தை நடத்தியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்த அமெரிக்கரான சார்லஸ் பிளேர் மெக்டொனால்டுக்கு அது ஒரு பொறி. அந்த விவாதத்தில் அடிபட்ட குழிகளின் சாரத்தை எடுத்து, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற மைதானத்தை உருவாக்கினார். ரோடு, ஈடன் எனப்படும் அந்த 11, ஸ்காட்லாந்து மைதானங்களான பிரெஸ்ட்விக்கின் ஆல்ப்ஸ், நார்த் பெரிக்கின் ரீடான் ஆகியவை அங்கே மறுபிறவி எடுத்தன. கிரைமியப் போரில் பெயர்பெற்ற கோட்டையரணின் பெயரைத் தாங்கிய ரீடானில், கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாகச் சரிந்து விலகுகிறது. கொடியைக் குறிவைக்காமல் வலப்பக்கம் இறக்கி, தரையை நம்பி விடுபவருக்கே பந்து கொடியருகே போய்ச் சேரும். உலகில் மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட குழிகளில் அதுவும் ஒன்று. ஒரு குழியின் சிந்தனையை வேறு மண்ணில் நட்டாலும் அது முளைக்கிறது என்றால், அதன் வலுவுக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நீளத்துக்கும் வலுவுக்கும் தொடர்பில்லை என்பதை ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தின் 8ஆவது குழி காட்டுகிறது. 123 கெஜம்தான், ஓபன் நடக்கும் மைதானங்களிலேயே மிகக் குறுகியது. பெயர் போஸ்டேஜ் ஸ்டாம்ப், அஞ்சல் தலை. மணல்மேட்டின் விலாவில் வெட்டிய சின்னஞ்சிறு கிரீனைச் சுற்றி ஐந்து பங்கர்கள். 1950இல் ஜெர்மனியின் அமெச்சூர் ஹெர்மன் டிஸ்ஸீஸ் ஒரு பங்கரிலிருந்து எதிர்ப்பக்கப் பங்கருக்கும் அங்கிருந்து மீண்டும் இங்குமாக அலைந்து பதினைந்து அடிகளில் முடித்தார். 1973இல் 71 வயது ஜீன் சராசென் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார்! ஒன்றிலிருந்து பதினைந்துவரை விடை தரக்கூடிய கேள்வியை 123 கெஜத்தில் வைக்க முடிந்திருக்கிறது. அதே மைதானத்தின் 6ஆவது குழியை 2024இல் 623 கெஜமாக நீட்டினார்கள். ஓபன் வரலாற்றிலேயே நீளமானது. அதை 8க்குப் பக்கத்தில் நிறுத்திப் பேச எனக்கு மனம் வராது.

பலவீனமான குழிகளைப் பேசும்போது பலர் சின்ன ஊர்களின் மைதானங்களுக்குப் போய்விடுகிறார்கள். அது எளிது, ஆனால் பயனில்லை. மகத்தான மைதானத்துக்குள்ளேயே பலவீனம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் கற்றுக்கொடுக்கும். ஓல்டு கோர்ஸின் 9ஆவது குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 352 கெஜம், பார் 4. நிலம் ஏறக்குறையச் சமதளம். கிரீனும் ஃபேர்வேயின் தொடர்ச்சிபோல் தட்டையாகக் கிடக்கிறது. நடுவில் இரண்டு சிறு பங்கர்கள். அவற்றைத் தவிர்த்துவிட்டால், இடமிருந்து போனாலும் வலமிருந்து போனாலும் இரண்டாவது அடியில் பெரிய வேறுபாடில்லை. சரிவில்லாததால், தவறான பக்கத்தில் நிற்பவருக்கும் சரியான பக்கத்தில் நிற்பவருக்கும் கிரீன் ஒரே முகத்தையே காட்டுகிறது. நான் கேட்கும் முதல் கேள்வியிலேயே இந்தக் குழி விழுந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. திரும்பும் வழியில் கடினமான குழிகள் காத்திருப்பதால், இந்தத் திருப்பத்தில் பேர்டி எடுத்தே ஆகவேண்டும். அந்த நெருக்கடியே 9ஆவது குழியின் வலு என்பார்கள். எனக்கு ஏற்பில்லை. அந்த நெருக்கடி ஸ்கோர் அட்டையிலிருந்து வருகிறதே தவிர மண்ணிலிருந்து வரவில்லை. 9ஆவது குழியை எடுத்துவிட்டு எந்த எளிய குழியை அங்கே வைத்தாலும் நெருக்கடி அப்படியே இருக்கும்.

அதே அளவுகோலால் 18ஆவது குழியையும் பலவீனமானது என்று தள்ளுபவர்கள் உண்டு. 357 கெஜம், ஒரு பங்கர்கூட இல்லை, முதல் குழியோடு பகிர்ந்துகொள்ளும் ஃபேர்வே மிக மிக அகலம். மேலோட்டமாகப் பார்த்தால் 9க்கு உடன்பிறந்தது. ஆனால் கிரீனின் முன் இடப்பக்கம் வேலி ஆஃப் சின், அதாவது பாவப் பள்ளத்தாக்கு என்ற தாழ்வு இருக்கிறது. அந்த ஒற்றை மடிப்பு முழுக் குழியையும் தூக்கி நிறுத்துகிறது. கொடி அதற்குப் பின்னால் இருக்கும் நாளில், குறைந்தால் பந்து தாழ்வுக்குள் வழிந்து வரும். பயந்து கூட அடித்தால் கீழ்நோக்கி நீண்ட தூரம் உருட்டவேண்டும். 1970இல் டக் சாண்டர்ஸ் நான்கு அடியில் முடித்தால் கோப்பை என்ற நிலையில் இரண்டாவது அடியைக் கூடுதலாக அடித்துவிட்டார். அங்கிருந்து உருட்டியது குறைந்துபோக, மிஞ்சிய மிகச் சிறிய தூரத்தையும் தவறவிட்டார். மறுநாள், சமநிலையை உடைக்கும் பிளேஆஃபில் ஜாக் நிக்லஸ் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதல் அடியிலேயே கிரீனைத் தாண்டும்படி அடித்து வென்றார். 1995இல் இத்தாலியின் கோஸ்டன்டினோ ரோக்கா மூன்றாவது அடிக்கு அந்தத் தாழ்வுக்குள் நின்றார். அங்கிருந்து உருட்டியே பந்தை உள்ளே போட்டு ஜான் டேலியுடன் சமன் செய்தார். பிளேஆஃபில் அவரை முடித்துவைத்தது 17இன் ரோடு பங்கர். ஒரு மடிப்பு இருப்பதும் இல்லாததுமே 18க்கும் 9க்கும் இடையிலான தூரம்.

டீயிலிருந்து கிரீனே தெரியாத குழிகளை எந்தப் பக்கம் வைப்பது? அயர்லாந்தின் மேற்குக் கரையில் லாஹின்ச் மைதானத்தின் 5ஆவது குழி டெல். இரண்டு பெரிய மணல்மேடுகளுக்கு நடுவில் கிரீன் ஒளிந்திருக்கிறது. முன்மேட்டின் மீது வைத்த வெள்ளைக் கல்தான் வழிகாட்டி. கொடியின் இடம் மாறும்போது கல்லையும் நகர்த்துவார்கள். வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சி 1920களில் அந்த மைதானத்தைத் திருத்தி அமைத்தபோதும் இதுவும் முந்தைய குழியான கிளான்டைக்கும் அப்படியே விடப்பட்டன. என் அளவுகோலில் டெல் பலவீனமான குழிதான். அங்கே ஆட்டக்காரருக்குத் தேர்வு எதுவுமில்லை. கல்லைப் பார்த்து அடிப்பது ஒன்றே வழி. ஆனாலும் அதை யாராவது இடிக்க வந்தால் நானும் எதிர்ப்பவர்கள் பக்கம் நிற்பேன். புல்டோசர் இல்லாத காலத்தில் நிலம் எப்படி இருந்ததோ அப்படியே ஆடினார்கள் என்பதற்கு அது உயிருள்ள சான்று. பலவீனம் என்பதும் நீக்கத்தக்கது என்பதும் ஒன்றல்ல.

நீக்கத்தக்க பலவீனத்துக்கு வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் நல்ல எடுத்துக்காட்டு. கேலமிட்டி என்ற அதன் 236 கெஜ பார் 3 குழியில் வலப்பக்கம் முழுவதும் கிடுகிடு பள்ளம். 1951 ஓபனில் பாபி லாக் கிரீனையே குறிவைக்காமல் இடப்பக்கத் தாழ்வில் பந்தை இறக்கி ஒவ்வொரு முறையும் பார் எடுத்தார். இன்றும் அந்தத் தாழ்வுக்கு அவர் பெயர்தான். வலுவான குழி ஒதுங்கிப் போவதையும் ஓர் ஆட்டமுறையாக மதிக்கும் என்பதற்கு இது சரியான உதாரணம். ஆனால் அதே மைதானத்தின் பழைய 17, 18ஆவது குழிகள் மணல்மேடுகளை விட்டு விலகித் தட்டையான நிலத்தில் கிடந்தன. 2019 ஓபனுக்கு முன்பு, உறுப்பினர்களின் ஒப்புதலோடு அந்த இரண்டையும் விட்டுவிட்டு, வேலி (Valley) என்ற பக்கத்து மைதானத்தின் மணல்மேடுகளில் வடிவமைப்பாளர் மார்ட்டின் எபர்ட் புதிய 7, 8ஆவது குழிகளை அமைத்தார். பழைய 17இல் இருந்த பிக் நெல்லி என்ற மாபெரும் பங்கரின் நகலைப் புதிய 7இல் வைத்தார்கள். கைவிடப்பட்ட நிலம் பார்வையாளர் கூடாரங்களுக்குப் பயன்பட்டது. வரிசை எண் மாறியதில் 14ஆக இருந்த கேலமிட்டி 16ஆகி, சுற்று முடியும் நேரத்தில் வந்து நிற்கிறது. பலவீனமான இரண்டை எடுத்ததில் வலுவான ஒன்றுக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்துவிட்டது.

ஓல்டு கோர்ஸில் நடந்ததோ எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2012இல் ஓபனை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் மைதானத்தை நிர்வகிக்கும் லிங்க்ஸ் டிரஸ்டும் வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரியைக் கொண்டு சில மாற்றங்களை அறிவித்தன. 9ஆவது கிரீனுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு பங்கர் சேர்க்கும் யோசனை அதில் இருந்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன், முதல் அடியிலேயே கிரீனுக்குக் குறிவைப்பவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஆனால் அதே திட்டத்தில் ரோடு பங்கரை அகலப்படுத்தினார்கள்; 11ஆவது கிரீனின் இடது பின்பகுதியைத் தாழ்த்திச் சரிவைக் குறைத்தார்கள். புல்லை இப்போது முன்னைவிடக் கட்டையாக வெட்டுவதால் கிரீனின் வேகம் கூடி, அந்த மூலையில் கொடி வைக்க முடியாமல் போனதுதான் காரணம். மைதான வடிவமைப்பாளர்கள் பலர் எதிர்த்தும் வேலை நடந்தது.

2015 ஓபனின் சனிக்கிழமை பலத்த காற்றால் ஆட்டம் பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்தப்பட்டது. கிரீனில் வைத்த பந்துகள் காற்றில் நகர்ந்த இடங்களில் அந்த 11உம் ஒன்று. சரிவைக் குறைத்த பிறகும் பந்து நிற்கவில்லை என்றால் கோளாறு சரிவில் இல்லை, புல்லின் வேகத்தில்தான் இருக்கிறது. புல்லின் உயரத்தை வாரக்கணக்கில் மாற்றிக்கொள்ளலாம். நூற்றாண்டுகளாகக் காற்றும் மணலும் செய்த சரிவை வெட்டிவிட்டால், அதை அதே வடிவில் திரும்ப வைக்க எந்த வடிவமைப்பாளராலும் முடியாது. மைதானத்தின் இரண்டு வலுவான குழிகளையும் தொடாமல், கிரீன்களின் வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு, கையிலிருந்த மண்வெட்டியை 9இன் தட்டைக் கிரீனுக்கு மட்டும் அனுப்பியிருக்க வேண்டும்.